கேட்டு எழுதுபவரும் கெடு வைப்பவரும்

மணமக்கள் தேவை விளம்பரங்களில் இப்போதெல்லாம் இரண்டு உத்தியோகப் பெயர்கள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. ‘மணமகன் பெங்களூருவில் பிசினஸ் அனலிஸ்ட்’ என்று ஒன்று. ‘மணமகள் புராஜெக்ட் மானேஜர்’ என்று இன்னொன்று. என்ஜினீயர் என்றால் புரிகிறது, அக்கவுண்டன்ட் என்றால் புரிகிறது. இது என்ன வேலை என்று பெற்றோர் விழிக்கிறார்கள். பெயரில் ‘பிசினஸ்’ இருப்பதால் பையன் ஏதோ கடை வைத்திருக்கிறான் என்றே நினைத்துக்கொண்ட ஒரு பெரியவரை அல்சூரில் எனக்குத் தெரியும்.

மில் வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வந்து இந்த நகரத்தில் தங்கிவிட்ட நம்மவர்களின் பிள்ளைகள், இன்று எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்பீல்டுக்கும் பஸ் ஏறுகிறார்கள். என்ன வேலை என்று கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளைச் சொல்லியும் குற்றமில்லை. நாமும் அதற்கு மேல் கேட்பதில்லை.

ரயில்வே கிளார்க்குக்கு இதில் என்ன பேச்சு என்று யாராவது நினைக்கலாம். நம் நாட்டில் இந்த இரண்டு வேலைகளும் சேர்ந்து நடந்த பெரிய காரியங்களில் ஒன்று, ரயில்வே ரிசர்வேஷன் கவுண்ட்டரில்தான் நடந்தது. அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

இரண்டு வேலைகள்

ஒரு கம்பெனிக்கோ அரசு இலாகாவுக்கோ புதிதாகக் கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்று தேவைப்படுகிறது. அங்கே வேலை இப்போது எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது, உண்மையில் என்ன வேண்டும் என்று ஆள் ஆளாக உட்கார்ந்து கேட்டு, புரோகிராம் எழுதுபவருக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பவர் பிசினஸ் அனலிஸ்ட். அந்த வேலையை எத்தனை பேரை வைத்து, எத்தனை நாளில், எவ்வளவு பணத்தில் முடிப்பது என்று கணக்குப் போட்டு, கெடு வைத்து, முடித்துக் கொடுப்பவர் புராஜெக்ட் மானேஜர்.

கல்யாண வீட்டை நினைத்துக்கொண்டால் சட்டென்று விளங்கும். சம்பந்தி வீட்டார் எத்தனை பேர் வருவார்கள், யாருக்குப் பூண்டு ஆகாது, எந்தத் தாய்மாமனுக்கு முதல் மாலை என்பதெல்லாம் அத்தைக்குத் தெரியும். மண்டபத்து முன்பணம், சமையல்காரர் வரும் நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக முகூர்த்த நேரம், இதெல்லாம் சித்தப்பா பொறுப்பு. அத்தையிடம் கேட்காமல் சித்தப்பா பந்தி போட்டால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். சித்தப்பாவிடம் சொல்லாமல் அத்தை பலகாரப் பட்டியலை நீட்டிக்கொண்டே போனால் முகூர்த்தம் தவறும், கடனும் ஏறும்.

கம்ப்யூட்டர் கம்பெனியிலும் இதே சண்டைதான். அவர்கள் அதை மீட்டிங் என்று சொல்கிறார்கள்.

லெட்ஜர் காலம்

இனி ரயில்வே கதை. நான் வேலைக்கு வருவதற்கு வெகுகாலம் முந்தியது இது. ஓய்வு பெற்ற மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் லெட்ஜர் உண்டு. இந்த வண்டிக்கு இந்தக் கவுண்ட்டர் என்று பிரித்திருப்பார்கள். ஒரு வண்டியில் இடம் இல்லை என்றால், அடுத்த வண்டிக்கு வேறொரு கியூவில் போய் மறுபடி கடைசியில் நிற்க வேண்டும். ஊர் போய்த் திரும்பி வருவதற்கு இடம் வேண்டுமென்றால் அந்த ஊர் ஸ்டேஷனுக்குத் தந்தி போகும். பதில் வந்தால் உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போக ராத்திரியே துண்டு விரித்து இடம் பிடித்தவர்கள் நம் வாசகர்களிலேயே இருப்பார்கள்.

இதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் பணியை ரயில்வேயும் சி.எம்.சி. என்ற அரசு நிறுவனமும் சேர்ந்து செய்தன. அந்த ஏற்பாட்டுக்கு ‘இம்ப்ரெஸ்’ என்று பெயர். 1985 நவம்பரில் புதுடெல்லியில் சோதனையாகத் தொடங்கினார்கள். 1987ல் பம்பாய், கல்கத்தா, சென்னை என்று விரிந்தது. செகந்திராபாத் அதற்குப் பிறகு. 1986ல் ரயில்வேக்கென்றே ‘கிரிஸ்’ என்ற கம்ப்யூட்டர் அமைப்பும் ஏற்பட்டது.

பிசினஸ் அனலிஸ்ட் என்ற பட்டம் அப்போது இங்கே புழக்கத்தில் இல்லை. சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்பார்கள். பட்டம் எதுவானாலும், லெட்ஜருக்குள் இருந்ததை வெளியே எடுத்து எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது.

லெட்ஜருக்குள் என்ன இருந்தது? ஆட்கள் நினைப்பதுபோல வெறும் பெயரும் பெர்த் நம்பரும் மட்டுமல்ல. பெண்களுக்கு ஒரு கோட்டா, ராணுவத்தாருக்கு ஒரு கோட்டா, வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒன்று, வழியிலுள்ள ஸ்டேஷன்களுக்குத் தனித்தனியே கொஞ்சம். யாராவது ரத்து செய்தால் அந்த இடம் ஆர்.ஏ.சி.யில் இருப்பவருக்குப் போக வேண்டும். ஆர்.ஏ.சி.யில் காலியாகும் இடத்துக்கு வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர் ஏற வேண்டும். இதற்கெல்லாம் எழுதிய விதி உண்டு. எழுதாத வழக்கமும் உண்டு. எழுதாத வழக்கம் கவுண்ட்டர் கிளார்க்கின் தலைக்குள் இருக்கும். புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டால் அனலிஸ்டுக்கு வேலை முடிந்துவிடும் என்று நினைப்பது தப்பு.

ஒரு உதாரணத்துக்கு, கையில் நோட்டோடு வந்த ஓர் அனலிஸ்ட் பெண்ணும் அனுபவமுள்ள கிளார்க் ஒருவரும் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“ஏம்மா, டிக்கெட்ல எந்தத் தேதி போடுவீங்க?”

“வண்டி கிளம்புற தேதிதான் சார்.”

“5ஆம் தேதி ராத்திரி 10.40க்கு இங்க கிளம்புது. ஜோலார்பேட்டைக்குப் போகும்போது மணி 12 தாண்டிடும். அங்க ஏர்றவருக்கு அது 6ஆம் தேதி இல்லையா? அவருக்கு எந்தத் தேதி?”

“அவருக்கு 6 சார்.”

“சரி. ஆனா வண்டியோட சார்ட்டு 5ஆம் தேதி சார்ட்டுதானே? அவரு 6ன்னு கேட்டா 5ஆம் தேதி வண்டியில இடம் பார்க்கணும். இதை எழுதிக்கிட்டீங்களா?”

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் ஜோலார்பேட்டையில் ஏற வேண்டியவர் ஒரு நாள் தள்ளி வந்து நிற்பார். கேள்வி சின்னது. கிளார்க்கின் வாயிலிருந்துதான் அது வரும்.

பெட்டி விஷயமும் அப்படியே. பெரம்பூர் ஐ.சி.எப். பழைய மாடல் ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த். பிறகு வந்த எல்.எச்.பி. ஸ்லீப்பர் பெட்டியில் 80. எல்.எச்.பி. பெட்டிக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது, கிளம்புகிற நாளில் அதற்குப் பதில் பழைய பெட்டிதான் கிடைத்தது என்றால் 73 முதல் 80 வரை டிக்கெட் வைத்திருக்கும் 8 பேர் எங்கே படுப்பது? பெட்டி மாறும் என்பது காகிதத்தைப் படிப்பவருக்குத் தோன்றாது. பிளாட்பாரத்தில் வசவு வாங்கியவருக்குத் தோன்றும்.

எதை முதலில், எதைப் பிறகு?

இப்படிக் கேள்விகள் நூறு சேர்ந்தால் அனலிஸ்டுக்கு மகிழ்ச்சி, புராஜெக்ட் மானேஜருக்கு வயிற்றெரிச்சல். அவர் கையில் இருப்பது நாட்காட்டி. கவுண்ட்டர்களுக்கு மிஷின் வந்து சேர வேண்டும். டெலிபோன் லைன் இழுக்க வேண்டும். விசைப்பலகையைத் தொட்டே பார்க்காத கிளார்க்குகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். லெட்ஜரில் ஏற்கெனவே விற்ற டிக்கெட்டுகளை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். வண்டிகளோ ஒரு நாளும் நிற்காது.

ஆகவே மானேஜர் கேட்கும் கேள்வி வேறு. “இதெல்லாம் வேண்டியதுதான். முதல் நாளே எது இல்லாமல் ஓடாது?”

என் அபிப்பிராயத்தில் இரண்டு வேலைகளும் சந்திக்கும் இடம் இந்தக் கேள்விதான். அதற்குப் பதிலை அனலிஸ்ட் தனியாகவும் சொல்ல முடியாது, மானேஜர் தனியாகவும் சொல்ல முடியாது. எது இல்லாவிட்டால் பயணி தவிப்பார் என்பது முன்னவருக்குத் தெரியும். எதற்கு எத்தனை மாதம் பிடிக்கும் என்பது பின்னவருக்குத் தெரியும்.

ரிசர்வேஷனில் நடந்த வரிசையைப் பாருங்கள். எந்தக் கவுண்ட்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் என்பது முதலிலேயே வந்துவிட்டது. நாட்டின் 5 மையங்களையும் ஒன்றோடொன்று இணைத்து, எந்த ஊரிலிருந்தும் எந்த ஊர் வண்டிக்கும் டிக்கெட் என்பது, கிரிஸ் உருவாக்கிய ‘கான்சர்ட்’ ஏற்பாட்டின் மூலம் 1999 ஏப்ரலில்தான் முழுமையாயிற்று. வீட்டிலிருந்தபடியே இன்டர்நெட்டில் எடுப்பது 2002 ஆகஸ்டில் வந்தது. வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு நடுவில் உள்ளதுதான் முக்கியம். போகிற டிக்கெட்டோடு திரும்பி வருகிற டிக்கெட்டையும் இங்கேயே எடுக்க வேண்டும் என்பது நம் தேவை. அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். எரிச்சல்தான். ஆனாலும் எல்லாம் ஒன்றாக வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் 1985ல் டெல்லியில் ஒரு கவுண்ட்டர்கூடத் திறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு வரி உத்தரவு

அண்மைக் கால உதாரணம் ஒன்றும் இருக்கிறது. முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்து 2024ல் ரயில்வே உத்தரவு போட்டது. நவம்பர் 1 முதல் அமல். கேட்பதற்கு ஒரே வரி. 120 என்று இருப்பதை 60 என்று மாற்றிவிட்டால் போதாதா?

போதாது. அக்டோபர் 31 வரை பழைய கணக்கில் எடுத்த டிக்கெட்டுகள் செல்லுமா? செல்லும் என்று உத்தரவிலேயே இருந்தது. 60 நாளுக்கு அப்பால் எடுத்த அந்த டிக்கெட்டை ரத்து செய்யலாமா? செய்யலாம். தாஜ் எக்ஸ்பிரஸ், கோமதி எக்ஸ்பிரஸ் போன்ற சில பகல் வண்டிகளுக்கு முன்பே குறைந்த நாள்தான், அவை? அவற்றில் மாற்றமில்லை. வெளிநாட்டுப் பயணிகளுக்கான 365 நாள்? அதுவும் அப்படியே.

நவம்பர் 1 என்ற தேதி புராஜெக்ட் மானேஜரின் கவலை. இந்த ‘ஆனால்’கள் எல்லாம் அனலிஸ்டின் கவலை. தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு ‘ஆனால்’களை விட்டிருந்தால், தீபாவளிக்குப் பிறகு ஊருக்குப் போக முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தவர்கள் கவுண்ட்டரை உடைத்திருப்பார்கள்.

லண்டனில் நடந்தது

இருவரும் சேராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே சொல்லும் உதாரணம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. லண்டன் நகர ஆம்புலன்ஸ் சேவைக்கு அன்று தினமும் 2,000 முதல் 2,500 அழைப்புகள் வரும. எந்த ஆம்புலன்சை எங்கே அனுப்புவது என்பதைக் காகிதச் சீட்டுகளை வைத்து ஆட்களே முடிவு செய்துவந்தார்கள். இதைக் கம்ப்யூட்டரிடம் விட ஏற்பாடு செய்தார்கள்.

என்ன வேண்டும் என்று எழுதிய பத்திரத்தைப் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வந்த ஓர் அனலிஸ்டும் ஓர் அதிகாரியும் சேர்ந்து தயாரித்தார்கள். வண்டி ஓட்டும் ஊழியர்களின் பங்கு அதில் மிகக் குறைவு. மறுபக்கம், 1992 ஜனவரி 8ல் முடித்தாக வேண்டும் என்று மேலிருந்து தேதி வந்துவிட்டது. டெண்டரில் விலை குறைவாகச் சொன்னவர்களுக்கே வேலை போயிற்று. திட்டத்தை நடத்தும் பொறுப்பு யாருடையது என்பதுகூடத் தெளிவாக இல்லை.

ஜனவரி தேதி தவறியது. கடைசியில் 1992 அக்டோபர் 26ல் ஓடவிட்டார்கள். ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தால்தான் அந்தக் கம்ப்யூட்டரால் முடிவு செய்ய முடியும். நடைமுறை அப்படி இல்லை. சில இடங்களில் ரேடியோ எடுக்காது. அவசரத்தில் பட்டனை மாற்றி அமுக்குவார்கள். ஒதுக்கிய வண்டியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் வேறொன்றை எடுத்துப் போவார்கள். கம்ப்யூட்டரின் கணக்கும் தெருவில் இருந்த நிலவரமும் வேறு வேறாயின. ஓரிடத்துக்கு இரண்டு வண்டி போயிற்று, ஓரிடத்துக்கு ஒன்றுமே போகவில்லை. காத்திருந்தவர்கள் மறுபடி மறுபடி போன் செய்ததில் நெரிசல் இன்னும் முற்றியது. மறுநாளே பாதிக்குப் பாதி பழைய முறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அதிகாலை கம்ப்யூட்டர் அடியோடு நின்றது. தலைமை அதிகாரி அதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார்.

1993 பிப்ரவரியில் விசாரணை அறிக்கை வந்தது. மிஷினை மட்டும் அது குற்றம் சொல்லவில்லை. நடக்க முடியாத கெடு, ஊழியர்களைச் சேர்த்துக்கொள்ளாமை, சரியான நிர்வாகம் இல்லாமை என்று வரிசையாக எழுதிற்று. ‘ஒதுக்கிய வண்டியைத்தான் எடுப்பீர்களா?’ என்று டிரைவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டிருந்தால் பாதித் தொல்லை முன்பே தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். பதில் தெரிந்த அனலிஸ்ட், ‘இந்தத் தேதிக்கு முடியாது’ என்று சொல்லத் துணிவுள்ள மானேஜரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். லண்டனில் இந்த இரண்டு நாற்காலிகளுமே சரியாக நிரம்பவில்லை.

அடுத்த முயற்சியில் ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். 1996ல் அது ஓடத் தொடங்கியது, நிலைத்தும் விட்டது.

கையெழுத்து போடும் முன்

இப்போதெல்லாம் சிறு கம்பெனிகளில் ஒரே ஆளே இரண்டையும் பார்ப்பதும் உண்டு. பட்டங்களும் மாறிவருகின்றன, புராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர் என்று. பெயரை விட்டுத்தள்ளுங்கள். ஒருவரே இரண்டையும் செய்யும்போது, கெடு நெருங்க நெருங்க அவருக்குள் இருக்கும் மானேஜர் ஜெயித்துவிடுவார், கேள்வி கேட்பவர் வாயை மூடிக்கொள்வார். அதனால்தான் இரண்டு ஆள் வேண்டும் என்கிறேன்.

நம்மில் பலர் இந்த மேஜையின் மறுபக்கத்தில் உட்காருகிறவர்கள். கிடங்கிலோ, பில்லிங் செக்‌ஷனிலோ, ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் முன்னாலோ நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஓர் இளைஞர் லேப்டாப்போடு வந்து நிற்பார். “இப்ப எப்படிச் செய்றீங்க சார்?” என்பார். நம் வழக்கம், “எல்லாம் ரூல்படிதான் தம்பி” என்று சொல்லி அனுப்பிவிடுவது. மேலதிகாரி பக்கத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். பிறகு அவர் 40 பக்கம் எழுதி வருவார், நாம் படிக்காமல் கையெழுத்துப் போடுவோம். ஆறு மாதம் கழித்துப் புது ஸ்க்ரீன் வரும்போது நம் அன்றாட வேலைக்கு வேண்டிய கட்டம் அதில் இருக்காது. கேட்டால், “நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்” என்று மானேஜர் சொல்வார். அவர் சொல்வதும் நியாயம்தான். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு ஒரு கட்டம் சேர்ப்பதென்றாலும் அதற்குத் தனி நாள், தனிப் பணம். மேலிடத்தின் அனுமதியும் வாங்க வேண்டும்.

ஆகவே வருகிறவரிடம் விதியைச் சொல்ல வேண்டாம், அது புத்தகத்திலேயே இருக்கிறது. மாதக் கடைசியில் என்ன செய்கிறீர்கள், மின்சாரம் போனால் என்ன செய்கிறீர்கள், பெரிய ஆள் சிபாரிசோடு வந்தால் என்ன நடக்கிறது, இதைச் சொல்லுங்கள். ஸ்க்ரீன் தயாரானதும் சோதித்துப் பார்க்கக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு லீவு போடாதீர்கள்.

பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு இரண்டு விவரம். புராஜெக்ட் மானேஜர்களுக்கு அமெரிக்காவில் 1969ல் தொடங்கிய பி.எம்.ஐ. என்ற அமைப்பு ‘பி.எம்.பி.’ என்ற பரீட்சை நடத்துகிறது. திட்டங்களை நடத்திய அனுபவம் இல்லாதவர் அதை எழுத முடியாது. பிசினஸ் அனலிஸ்டுகளுக்குக் கனடாவில் 2003ல் தொடங்கிய ஐ.ஐ.பி.ஏ. இருக்கிறது. அதன் மேல்நிலைச் சான்றிதழுக்கு 7,500 மணி நேர அனுபவம் கேட்கிறார்கள். ‘ஈ.சி.பி.ஏ.’ என்ற தொடக்கநிலைச் சான்றிதழுக்கு அனுபவம் தேவையில்லை. கம்ப்யூட்டர் படிப்பு படித்தவர்கள்தான் அனலிஸ்ட் ஆக வேண்டும் என்றும் இல்லை. வங்கியிலோ இன்ஷூரன்சிலோ சரக்கு அனுப்பும் கம்பெனியிலோ சில வருடம் வேலை பார்த்து, அந்தத் தொழிலின் உள்விவகாரம் தெரிந்த பி.காம். பட்டதாரிகளும் இந்த வேலைக்கு வருகிறார்கள். கேட்டதைத் தெளிவாக எழுதத் தெரிய வேண்டும், தமிழ், கன்னடம், இந்தி என்று எந்த மொழிக்காரரிடமும் கூச்சமில்லாமல் போய்ப் பேசத் தெரிய வேண்டும். அந்த இரண்டாவதில் பெங்களூருவில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி தனியாகத் தேவையில்லை.